விருதுநகரில் பனி அடித்த மரம்

ஊட்டிப் பனிக்குப் பயந்து எங்கள் ஊருக்கு ஓடிவந்த ஒரு மரத்துக்கு, விருதுநகரில் வைத்துப் பனி அடித்தது. அதுவும் பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு, வெளியே தார் ரோடு உருகி என் செருப்பை இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில். அந்தப் பனியை இந்தக் கையால் வழித்து எடுத்தவன் நான். ஒரு படி இருக்கும். சரி, அரைப்படி.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள். நான் காத்திருக்கிறேன். சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் முப்பத்தெட்டு வருஷம் மெஷின் ஓட்டி ரிட்டயர் ஆனவன், காத்திருக்கப் பழகியவன். இந்தச் சம்சு சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டு, மீதியில் பாதியை நம்புவது எங்கள் தெரு வழக்கம். என் மனைவி முஹ்சினா அந்தக் கால்வாசியையும் நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் நம்புவாள்.

மகள் நாஜியாவை ஊட்டிக்கு மேலே தலைக்குந்தா பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மருமகன் முகம்மது ரியாஸ் தங்கமான பையன். வாய் மட்டும் கிடையாது. அந்த வீட்டுக்கு அல்லா கொடுத்த பேச்சு மொத்தத்தையும் அவனுடைய அம்மா ஆசியா பீவி முன்னமே எடுத்துக்கொண்டார். சம்பந்தியம்மா ஒரு நர்சரி வைத்திருக்கிறார். மலைச்சரிவு நிறையச் செடி. அத்தனைக்கும் ராஜா, பாதியாக வெட்டிய தார் டிரம்மில் உட்கார்ந்திருக்கும் ஒரு சைகஸ். பார்த்தால் குட்டைப் பனை மாதிரி இருக்கும். ஆனால் பனை இல்லை, ஈச்சை இல்லை. டைனோசர் காலத்துச் செடி என்று சம்பந்தி பெருமையாகச் சொல்வார். “ஆமா சம்பந்தி, அடியில ஒண்ணு கடிச்ச தழும்பு இருக்கு, நான் பாத்தேன்” என்று நானும் ஒத்துப் பேசுவேன்.

அந்த ராஜாவுக்கு ஒரே எதிரி உறைபனி. நவம்பர் கடைசியில் ஆரம்பித்தால் பிப்ரவரி வரைக்கும், விடிந்து பார்த்தால் தலைக்குந்தாவில் புல்வெளி உப்பளம் மாதிரி வெள்ளையாகக் கிடக்கும். கம்பளி, பழைய சேலை, தார்ப்பாய் என்று சம்பந்தி மாற்றி மாற்றிப் போர்த்துவார். என்றைக்காவது ஒரு நாள் ஒரு ஓரம் விலகிவிடும். மறுநாள் இலை பூராம் வைக்கோல்.

இதற்கும் நாஜியாவுக்கும் என்ன சம்பந்தம் என்றால், நாஜியா தோட்டக்கலை படித்தவள். நர்சரியில் நாற்றுக்கென்று இருக்கும், ராஜாவின் டிரம் வாசலில் நுழையாத சின்னக் கண்ணாடிச் செடிவீட்டைத் தன் பொறுப்பில் விடச் சொல்லி நாலு வருஷமாகக் கேட்கிறாள். மாமியார் பதில் நாலு வருஷமாக ஒன்றுதான்: “புத்தகத்துல படிச்சவங்க கையில செடியக் குடுத்தா, அது புத்தகத்துக்குள்ள வெச்ச பூ மாதிரித்தான் வரும்.”

போன டிசம்பரில் ஊட்டிக் கடைகளுக்குக் காலண்டர் லோடு ஏறியபோது, டிரைவர் கோட்டைச்சாமியோடு நானும் தொற்றிக்கொண்டேன். லோடை இறக்கியதும் மகள் வீடு. போன அன்றைக்கே சம்பந்தி சைகஸுக்குக் கம்பளி மாற்றிக்கொண்டிருந்தார். எனக்கு நாக்கு அரித்தது.

“சம்பந்தி, இதுக்கா இம்புட்டுப் பாடுபடுதீக? பேசாம எங்க ஊருக்கு அனுப்புங்க. எங்க ஊர்ல குளிருன்னா என்னன்னு பிள்ளைக கேட்டா, ஃபிரிட்ஜத் தொறந்துதான் காட்டணும்.”

“போன தடவை என்ன சொன்னீங்க? உங்க மெஷின்ல ஒரு நாளைக்கு ஓடுற காலண்டர வரிசையா வெச்சா நிலாவுக்கே போகும்னீங்க.”

“அது பழைய மெஷினு. புதுசுல போயிட்டுத் திரும்பியே வந்துரலாம்.”

“இந்த வாய நம்பி எம் மரத்தக் குடுக்கணுமா?”

அப்போதுதான் நாஜியா வாயைத் திறந்தாள். மாமியார் முன்னால் அவள் குரலை நான் கேட்டதே அபூர்வம்.

“மாமி, அத்தா பேச்ச நம்ப வேண்டாம். என்னைய நம்புங்க. வீட்டுல வச்சுக்கிறது மட்டுந்தான் அத்தா. எப்படி வச்சுக்கணும்னு போன்ல தினம் நான் சொல்லுவேன். மார்ச்சுல மரம் உசுரோட வரும். அதுக்கு நான் பொறுப்பு.”

ஆசியா பீவி கம்பளியைக் கீழே போட்டுவிட்டு மருமகளை ஏற இறங்கப் பார்த்தார்.

“வந்துருச்சுன்னா செடிவீடு உன்னோடது. வரலைன்னா அந்தப் பேச்சயே இனி இந்த வீட்டுல எடுக்கக் கூடாது. சரியா?”

“சரி மாமி.”

விளையாட்டாகச் சொன்னது பிள்ளையின் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது. ஆனாலும் வெளியே காட்டுவேனா? மரத்தைக் கட்டுகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

சம்பந்தி கம்பளியைக் கொண்டுவந்தார். “கம்பளி எதுக்கு?” என்று தள்ளிவிட்டேன். லாரியில் காலண்டர் கட்டுக்கு அடியில் விரித்த பழைய வத்தல் சாக்கு கிடந்தது, விருதுநகர் சரக்கு. “மொளகா வத்தல் இருந்த சாக்கு சம்பந்தி. இந்தக் காரத்துக்குப் பனி ஒரு மைலு தள்ளியே நின்னுக்கிரும்” என்றேன். இலைகளைத் தூக்கிக் கொண்டை மாதிரி கட்டி, சாக்கைச் சுற்றி, கோணி ஊசியால் தைத்தேன். ஒவ்வொரு சாக்கிலும் ஒரு சிவப்பு ஒட்டகம் அச்சடித்திருந்தது, வியாபாரி மார்க். நாலு ஒட்டகமும் நாலு திசையைப் பார்க்கும்படி தைத்தேன். அச்சகத்தில் இருந்தவனுக்குப் படம் கோணலாக இருந்தால் சாப்பாடு இறங்காது.

மரத்தை வரவேற்க இடம் ஒழிக்க வேண்டுமே என்று நான் முன்கூட்டியே பஸ் ஏறிவிட்டேன். கோட்டைச்சாமி கேரட் லோடு ஏற்றி, விருதுநகர் கோல்டு ஸ்டோரேஜில் இறக்கிவிட்டு, மரத்தோடு சிவகாசி வருவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை காலை லாரி எங்கள் தெருவுக்கு வந்தது. ஊட்டியிலிருந்து விருந்தாளி வருகிறது என்று நான் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். ஒன்பது பேர் நின்றார்கள். கோட்டைச்சாமி பின் கதவை இறக்கினான். உள்ளே ஒரு தார்ப்பாயும் ரெண்டு கேரட்டும் கிடந்தன.

“பாய், மரத்த எங்க?” என்று அவன் என்னைக் கேட்டான்.

“எலேய், அத நான்ல உங்கிட்டக் கேக்கணும்!”

“ஏத்துனேன் பாய். எங் கண்ணால பாத்தேன்.”

“அப்ப எறக்குனது யாரு கண்ணு?”

அவன் தலையைச் சொறிந்தான். விருதுநகரில் கேரட் இறக்கும்போது முன் சீட்டில் அசந்து தூங்கிவிட்டானாம். மேட்டுப்பாளையம் வளைவில் உருண்டிருக்குமோ என்று அவனுக்கு ஒரு சந்தேகம். மலைப்பாதையில் இருக்கிற டீக்கடைக்கெல்லாம் போன் போட்டோம். சனிக்கிழமை பூராவும் போனது. நாஜியா போன் செய்யும்போதெல்லாம் “மரம் சௌக்கியமா தூங்குதும்மா” என்று சொன்னேன். அறுபத்தேழு வயதில் என் வாயில் பொய் கசந்தது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முஹ்சினா என் பையை உதறினாள். மிச்சமிருந்த சாக்கு ஒன்று விழுந்தது. அதை விரித்துப் பார்த்தாள்.

“ஏங்க, இந்த ஒட்டகம் யாரோடது?”

“விருதுநகர்ல ஏதோ வத்தல் கமிஷன் கடையோடது.”

“அவுக சரக்கு எங்க கெடக்கும்?”

சொல்லும்போதே எனக்கு முடி நட்டுக்கொண்டது. “கோல்டு ஸ்டோரேஜ்ல.”

“மரத்துக்கு என்ன சட்டை போட்டு அனுப்புனீக?”

விருதுநகர் லோடுமேன்கள் சாக்கைப் பிரித்துப் பார்ப்பதில்லை. சாக்கில் யார் மார்க்கோ அவர் சரக்கு, அவர் அறை. வாழ்நாள் பூராவும் மார்க்கைப் பார்த்தே மூட்டை தூக்கியவர்கள். நாலு பக்கமும் ஒட்டகம் தைத்து நான்தான் விலாசம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பனிக்குப் பயந்த மரத்தைக் குளிர் அறைக்கு அனுப்பி வைத்த ஒரே மனுஷன் இந்தப் பூமியில் நான்தான்.

கோட்டைச்சாமியின் லாரியில் விருதுநகர் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. ஆபீஸ் லீவு. குடோனில் வத்தல் காம்பு கிள்ளும் பெண்களின் கொத்துக்குத் தலைவி அய்யம்மாள் இருந்தாள். சாவியும் அவளிடம்.

“அத ஏன் கேக்கீக பாய்! ஒட்டக மார்க்குல ஒரு மூட்ட மட்டும் டிரம்மோட வந்துச்சு. ஏலே, இது என்னலே கர்ப்பிணி கணக்கா இருக்குன்னு கேட்டேன். புது பேக்கிங்கா இருக்கும்ங்கானுக.”

“எந்த ரூமு?”

“மூணாம் நம்பரு. மத்த மூட்டை மேல அடுக்க வரலன்னு ஃபேனுக்கு நேர் எதுக்க வச்சிருக்கானுக.”

நான் மேலே ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போனேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள்: கதவைத் தாண்டிய மூன்றாவது அடியில் என் மீசை ரெண்டு குச்சியாக நின்றுவிட்டது. நாலாவது அடியில் நினைத்ததெல்லாம் உறைந்து, வந்த காரியமே மறந்துவிட்டது. பெரிய ஃபேன் உறுமிக்கொண்டிருந்தது. அதன் கம்பியெல்லாம் ஐஸ் கட்டித் தொங்கியது. அதற்கு எதிரே என் மூட்டை. லோடுமேன் கொக்கி போட்டு இழுத்ததில் ஃபேன் பக்கத்துச் சாக்கு மேலிருந்து கீழ்வரை கிழிந்திருந்தது. கிழிசலுக்குள் தெரிந்த இலையெல்லாம் வெள்ளை. சாக்கிலும் டிரம்மிலும் பூத்திருந்த பனியைத்தான் நான் கையால் வழித்தேன். படியோ அரைப்படியோ, பனி பனிதான்.

வெளியே ஓடிவந்து நாஜியாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். எதிர்முனையில் டாக்டர் மாதிரி ஒரு குரல்.

“அத்தா, நான் சொல்றத மட்டும் செய்யுங்க. வெயில் படக் கூடாது.”

“வெயில்ல வச்சா வெரசா உருகிருமேம்மா?”

“மரமும் சேந்து போயிரும். சுடுதண்ணி ஊத்தக் கூடாது. இலையத் தேய்க்கக் கூடாது. மொதல்ல குளிர் ரூமுக்கு அடுத்த வெளி ரூமு, அங்கன ரெண்டு மணி நேரம். அப்புறம் குடோன். சாயங்காலம் ஆனப்புறந்தான் வண்டியில ஏத்தணும். உருகுற தண்ணி குருத்துக்குள்ள மட்டும் எறங்கவே கூடாது அத்தா. எறங்குனா அழுகிரும். ஒத்தி ஒத்தி எடுங்க.”

நானும் கோட்டைச்சாமியும் அய்யம்மாளும் ரெண்டு பெண்களும் டிரம்மை அங்குலம் அங்குலமாக நகர்த்தினோம். குடோனில் ஓட்டு இடுக்கு வழியாக வெயில் ஒரு கோடாக விழுந்தது. அது நகர நகர நாங்கள் மரத்தை நகர்த்தினோம். பெண்கள் ரெண்டு பேர் சாக்கைக் குடை மாதிரி பிடித்துக்கொண்டார்கள். நான் முக்காலியில் ஏறி, அய்யம்மாள் கொடுத்த வெளுத்த துண்டால் குருத்தை ஒத்தி எடுத்தேன். சுற்றி ஆளுயரத்துக்கு வத்தல். ஒரு ஒத்தலுக்கு ரெண்டு தும்மல். ஆயிரத்து நூறு வரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ணத் தெம்பில்லை.

“எம் மக பிரசவத்துக்குக்கூட நான் இம்புட்டு நேரம் உக்காரல பாய். என்ன பிள்ளன்னாச்சும் சொல்லுங்க” என்றாள் அய்யம்மாள்.

“என் மக பிழைப்பு அய்யம்மா.”

அவள் அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை. இன்னொரு துண்டை உதறிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தபின் பின்பக்கத் தகரக் கொட்டகை நிழலில் மரத்தை வைத்தோம். மூன்று நாளில் கிழிசல் பக்கத்து இலையெல்லாம் கறுத்து, பிறகு வைக்கோல் நிறமானது. மறுபக்கம் பச்சை. பாதி மாப்பிள்ளை, பாதி அடக்கத்துக்குக் காத்திருக்கும் மய்யித்து மாதிரி நின்றது. காய்ந்த இலையை வெட்டிவிடலாமா என்று கேட்டேன். “தொடாதீக அத்தா, அதுல இருக்குற சத்தும் குருத்துக்குப் போகணும்” என்றாள் நாஜியா. தினமும் வீடியோவில் குருத்தைக் காட்டுவேன். முஹ்சினா வாசலில் நின்று, “மருமகன் வந்தப்பக்கூட இம்புட்டுக் கவனிப்பு இல்ல” என்பாள்.

ஒரு நாள் வீடியோவில் நாஜியாவின் தோளுக்குப் பின்னால் இன்னொரு முகம் வந்தது.

“இதென்னங்க சம்பந்தி? வெயில்ல வெச்சுப் பொசுக்கிட்டீங்களா?”

“இல்ல சம்பந்தி. பனி.”

“என்னது?”

“விருதுநகர்ல பனி அடிச்சிருச்சு.”

முதலில் ஒரு சிரிப்பு. மலை அதிர்ந்திருக்கும். சிரிப்பு நின்றதும் குரல் மாறியது.

“மரத்த வெயில்ல போட்டுட்டுத் தூங்கிட்டேன்னு சொல்லுங்க, பொறுத்துக்குவேன். இப்படியா கூசாம அளப்பாங்க?”

“மாமி, நெசந்தான். அன்னைக்கு என்ன செய்யணும்னு நாந்தான் போன்ல சொன்னேன்” என்றாள் நாஜியா.

“ஓ, நீயும் அளக்க ஆரம்பிச்சுட்டியா? அத்தாவுக்கு ஏத்த மக. செடிவீட்டுப் பேச்சு இதோட முடிஞ்சுது.”

திரை அணைந்தது. அதற்குப் பிறகு நாஜியா ராத்திரிப் போனில் மரத்தைப் பற்றி மட்டும் கேட்டாள். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“ஆடு மேஞ்சுருச்சுன்னு சொல்லியிருக்கலாம்ல, நம்பியிருப்பாக” என்றாள் முஹ்சினா. சொல்லியிருக்கலாம்தான். ஆனால் வாழ்க்கையில் முதல்தடவையாகக் கலப்படமே இல்லாத ஒரு உண்மை என் கையில் கிடைத்திருக்கிறது. அதை ஒரு ஆளிடம் விற்க முடியவில்லை! தெருவில் சொன்னால் கைதட்டுகிறார்கள். கோட்டைச்சாமியைச் சாட்சிக்கு அழைத்தால், “டிரைவருக்கு எம்புட்டுக் கொடுத்தீக?” என்கிறார்கள். எப்படியாவது சம்பந்தியை நம்பவைக்க வேண்டும். என் மானம் கிடக்கட்டும், அது பழைய சரக்கு. பிள்ளை செய்த வேலைக்குப் பேர் கிடைக்க வேண்டுமே.

பிப்ரவரி முதல் வாரம், சொல்லாமல் கொள்ளாமல் ஆசியா பீவி ஆட்டோவில் வந்து இறங்கினார். சிவகாசி வெயிலுக்கு ஸ்வெட்டரோடு.

“வாங்க சம்பந்தி! சாப்பிட்டீகளா?” என்று முஹ்சினா ஓடினாள்.

“மரம் எங்க?”

தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராகக் கொட்டகைக்குப் போனார். நான் ஆரம்பித்தேன்: “சம்பந்தி, அந்த ரூமுக்குள்ள போனதும் என் மீசை...”

“நீங்க கொஞ்சம் பேசாம இருங்க.”

இருந்தேன். அதுதான் இந்தக் கதையிலேயே நம்பமுடியாத இடம்.

காய்ந்த பக்கத்தில் ஓர் இலையை வளைத்து வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார். இன்னொன்று. கீழ் வரிசையில் ஒன்று. நகத்தால் காம்பைக் கீறினார். கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து பார்த்தார்.

“வெயில் மேல்பக்கத்தத்தான் சுடும்” என்றார், மரத்தைப் பார்த்து. “அடிப்பக்கம் பச்சை நிக்கும். மேல் இலை நிழல்ல இருக்குற கீழ் இலை தப்பிச்சுக்கும். இது ரெண்டு பக்கமும் ஒரே வைக்கோலு. கீழ் வரிசையும் சேந்து போயிருக்கு.”

பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இந்தப் பக்கம் மட்டும் ஏன்?”

“லோடுமேன் கொக்கி போட்டதுல சாக்கு கிழிஞ்சிருச்சு. அந்தப் பக்கந்தான் ஃபேனு.”

கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். நாக்கு வலித்தது.

இலைகளை விலக்கி நடுவில் விரலை விட்டார். குருத்தை அழுத்திப் பார்த்தார். கல் மாதிரி உறுதியாக இருந்தது. பழுப்புப் பஞ்சுக்கு நடுவில், சுருண்ட பச்சை நுனிகள் ஒன்பதோ பத்தோ எட்டிப் பார்த்தன. அவர் விரல் அங்கேயே நின்றது.

“பனி பட்டதும் ஒரு மணி நேரம் வெயில்ல நின்னிருந்தாக்கூட இது போயிருக்கும். நிழல்ல வெக்கணும்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

“உங்க மருமக.”

“குருத்துல தண்ணி எறங்காம?”

“அவதான். ரெண்டு மணி நேரம் போன வைக்கவே இல்ல.”

“காஞ்ச இலைய வெட்டாம விட்டது?”

“அதுவும் அவதான் சம்பந்தி. எனக்கு என்ன தெரியும்? நான் காலண்டர் ஓட்டுனவன்.”

ஆசியா பீவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஸ்வெட்டரையும் அப்போதுதான் கழற்றினார். பிறகு போனை எடுத்தார்.

“நாஜியா... ஆமா, இங்கதான் நிக்கறேன், மரத்துக்கிட்ட. குருத்து விட்டிருக்கு. அழுவாத. சொல்றதக் கேளு. செடிவீட்டுச் சாவி அலமாரியில மேல் தட்டுல இருக்கு, எடுத்துக்க... அட, எதுக்குன்னு கேக்கறா பாரு. இருபத்தாறு வருஷம் பனி பாத்தவ நானு, எனக்குத் தெரியாதா?” என்னை ஒரு தரம் முறைத்தார். பெருமூச்சு விட்டார். “ஆமா. விருதுநகர்லதான். பனிதான் அடிச்சிருக்கு.”